ஒட்டுண்ணி வந்து காப்பாத்தாது!

திண்டிவனத்துலயோ விழுப்புரத்துலயோ மீன் வாங்கப் போனா ஜிலேபி கெண்டையைப் பார்க்காம வர முடியாது. நம்ம ஏரி மீன்னுதான் நினைச்சிருப்பீங்க. இல்லை மக்களே, அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு ஏரி, குளம் மட்டுமில்ல, உப்பு கலந்த தண்ணியிலயும் ஜோரா வாழுது.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒருத்தன் சொல்வான்: "விடு மச்சி, இயற்கையே பேலன்ஸ் பண்ணிக்கும்." அதாவது உள்ளூர் ஒட்டுண்ணிகள் புது மீன் மேல ஏறி, அதை அடக்கிடுமாம். நிஜமா?

லயன் ஃபிஷ்ஷைப் பாருங்க. அதன் சொந்தக்காரங்க நம்ம வங்கக்கடல்லயும் இருக்காங்க. 1985-ல அது அமெரிக்காவின் புளோரிடா கரையோரம் தென்பட்டது. தொட்டியில வளர்த்தவங்க கடல்ல விட்டதுதான் காரணம்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. அந்தக் கடலின் அட்டை மாதிரி சில ஒட்டுண்ணிகள் அதையும் பிடிச்சுக்கிட்டது உண்மைதான். ஆனா அங்குள்ள மீன்களோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு. 40 வருஷம் ஆச்சு. இன்னும் டைவர்கள் ஈட்டியால குத்தித்தான் பிடிக்கிறாங்க.

சரி, ஒட்டுண்ணி நிறைய ஏறினா நல்லதா? அதுவும் உறுதியில்லை. புது மீனுக்குள்ள போய் ஒட்டுண்ணி செத்துப்போனா உள்ளூர் மீனுக்கு லாபம். ஆனா அங்கேயே நல்லா வளர்ந்து குட்டி போட்டா, அந்தக் கூட்டம் திரும்ப நம்ம மீன் மேலதான் பாயும். இதை 'ஸ்பில்பேக்'னு சொல்றாங்க. வந்தவன் தெம்பா இருப்பான், நோய் நம்மாளுக்கு.

நம்ம மாவட்டத்துல மரக்காணம் பக்கம் கழுவெளி இருக்கு. 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சில தட்டைப்புழுக்களுக்கு வாழ்க்கையை முடிக்க நத்தை, மீன், பறவை மூணும் வேணும். அங்கே மூணுமே இருக்கு. அந்தச் சங்கிலியில புதுசா ஒரு மீனைச் சேர்த்தா என்ன ஆகும்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்குற இடமா அது? கோடுல தப்புன்னா அன்டூ போடலாம். ஏரியில விட்ட மீனுக்கு அன்டூ கிடையாது.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ரூம்ல தொட்டி வெச்சிருக்கீங்களா? செமஸ்டர் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பும்போது, பாவம்னு அந்த சக்கர் ஃபிஷ்ஷை வீடூர் அணையிலயோ பக்கத்து ஏரியிலயோ விட்டுடாதீங்க. கடையில திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா ஜூனியர்கிட்ட கொடுங்க. மீன் மேல இரக்கம் இருந்தா, ஏரியில ஏற்கனவே இருக்கிற மீன் மேலயும் இருக்கட்டும்.