போடியோடு முடிகிற தண்டவாளம்

கம்பம் பள்ளத்தாக்கிற்கு இரயில் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வெளியூர் நண்பர்கள் சிலர் புன்னகைக்கிறார்கள். மதுரை – போடி பாதைதான் அகலப்பாதையாகிவிட்டதே, இன்னும் என்ன என்பது அவர்கள் கேள்வி. அவர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வந்த காலம் ஒன்று உண்டு. மலைமேல் ஓடிய சிற்றிரயிலை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்தது. நான்காண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. ஆக, இப்பகுதியின் போக்குவரத்து வரைபடத்தில் தேயிலையும் ஏலமும் முதலில் இடம்பிடித்தன. மனிதர்கள் பிறகுதான் ஏறிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தத் தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். 1950களில் மீண்டும் பதித்தார்கள். அகலப்பாதையாக மாற்றுவதற்கென 2010 டிசம்பர் இறுதியில் நிறுத்தப்பட்ட இரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வந்து சேர்ந்தது. 2010இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த போடிப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறிய பிறகே தன் ஊரில் இரயில் ஊதுவதைக் கேட்டது. தொண்ணூறு கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டரை ஆண்டுகள்!

அந்தப் பாதையும் மேற்கே திரும்பி மலையடிவாரத்தில் முடிந்துவிடுகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தெற்கே நீளும் பள்ளத்தாக்கு அதற்கு வெளியே கிடக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை பாதை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டு காலமாக இருக்கிறது, ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. போட்ட முதலுக்கு வருவாய் தேறுமா என்ற கணக்கிலேயே இத்தகைய பாதைகள் முடங்குகின்றன. அந்தக் கணக்கு தவறென்று நாம் சொல்லவில்லை. அதன் வரவுப் பத்தியில் எவை எழுதப்படுகின்றன என்பதே நம் கேள்வி. 2022 டிசம்பரில் குமுளி மலைச்சாலையில் இரைச்சல்பாலம் அருகே வாகனம் உருண்டு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதிப் பக்தர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். இரயில் மலையேறப் போவதில்லைதான். ஆயினும் கார்த்திகை, மார்கழியில் இந்த ஒற்றைச் சாலை தாங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி லோயர் கேம்ப் வரையேனும் இரயிலில் வருமானால், அந்தக் குறைவை எந்தப் பத்தியில் எழுதுவது?

இனி மறுபக்கம். வளர்ச்சி வேண்டாமென்று ஒரு சிலர் கூறும்போது நமக்குக் கோபம் வருவதுண்டு; ஆனால் அவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை, பெரியாற்று நீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோக வயல். புறவழிச்சாலைகள் ஊர்நெரிசலைத் தணித்தன என்பது உண்மை. அவை வயலையும் தோப்பையும் ஊடறுத்துச் சென்றன என்பதும் உண்மை. ஒரு பாதைக்கென நிலம் எடுத்த பின் இன்னொன்றுக்கென மறுபடி எடுப்பது, இரண்டையும் சேர்த்து யாரும் சிந்திக்காததன் விளைவே. முப்பதாண்டுக்கான திட்டமென்றால் சாலையையும் தண்டவாளத்தையும் ஒரே தாளில் வரைந்திருக்க வேண்டாமா? இங்கே சாலைக்கு ஒரு துறை, இரயிலுக்கு ஒரு துறை, வனத்திற்கு ஒரு துறை. அவை சந்தித்துக்கொள்ளும் இடம் விவசாயியின் வயல்.

தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகக் கேரளத்திற்குச் சாலை கேட்பவர்களின் குரல் இதைவிடச் சிக்கலானது. இதில் நம் மனம் ஊசலாடுகிறது. காடு ஒருமுறை பிளந்தால் பிளந்ததுதான் என்று வகுப்பறையில் பேசிவிடுகிறோம். ஆனால் அந்தச் சாலையைக் கேட்பவர்களில் பலர், மலையின் மறுபுறம் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றிக்கொண்டு தினமும் போய் வருகிறவர்கள்.

அவர்களில் ஒரு மூதாட்டியிடம் இரயிலைப் பற்றிக் கேட்டோம். "ரயிலு வரட்டும்யா, வேணாம்னா சொல்றோம்? எங்களுக்கு விடியக்காலம் ஜீப்பு. அதுல நெருக்காம ஒக்காந்து போனாப் போதும்" என்றார். கருத்துக் கேட்புக் கூட்டங்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்குத்தான் நடக்கின்றன என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்நேரத்தில் அவர் மலைமேல் ஏலக்காய் பறித்துக்கொண்டிருப்பார்.

லோயர் கேம்ப் பாதைக்கு நாம் ஆதரவே. அது வருவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பிடித்தாலும், விடிவதற்கு முன் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் தோட்டங்களுக்கு அரசுப் பேருந்துகளை விடத் தண்டவாளம் தேவையில்லை. இரு மாநில அரசுகள் அமர்ந்து பேசி ஒரு கால அட்டவணை போட வேண்டும். அடுத்த கருத்துக் கேட்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தேவாரத்தில் வைக்கலாம்.