முந்தானை இழுத்து மூடினால் கை நின்றுவிடுமா?

கோயில் கமிட்டியும் சர்ச் பிரசங்கமும் ஜமாத்தும் வேறு எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். பெண் அடக்க ஒடுக்கமாக உடுத்தினால் அவளுக்குப் பாதுகாப்பாம். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்" என்கிறார்கள். சரி, இந்த 'நல்லது' நம் சீமைக்கு வந்த கதையைப் பார்ப்போம்.

1930 டிசம்பர். பழைய ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகரும் சிவகாசியும் அன்றைக்கு அந்த மாவட்டத்துக்குள்தான். அங்கே கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது; சட்டை, பனியன் கூடாது. பெண்கள் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ, மஞ்சள் கூடாது. மீறியவர்களின் குடிசை எரிந்தது, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

அதற்கும் முன்னே, 1859-இல் திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்களின் மேலாடைக்கு அனுமதி தந்தபோதும் ஒரு கொக்கி வைத்தார்: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது!

மறைத்தால் அடித்த அதிகாரம்தான் இன்று மறைக்காவிட்டால் மிரட்டுகிறது. அன்றும் இன்றும் பேச்சு துணியைப் பற்றியதல்ல. எவள் உடம்பு எவன் சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

2015-இல் ஒரு கிராமத்துத் திருவிழாவில் ஆடல்பாடல் நடத்த அனுமதி கேட்டு மனு போட்டார்கள். மதுரைக் கிளை நீதிபதி தமிழ்நாட்டுக் கோயில்களுக்கெல்லாம் உடைவிதி போட்டு அனுப்பினார். (2016 ஜனவரியிலேயே மேல் அமர்வு அதை நிறுத்தி வைத்தது.) கேட்டது என்ன, கிடைத்தது என்ன பாருங்கள்.

முழுக்க மூடினால் பாதுகாப்பு என்றால் ராஜஸ்தான் பெண்களுக்கு ஒரு துன்பமும் வந்திருக்கக் கூடாது. முகம்வரை முக்காடு இழுக்கிற ஊர். அங்கேதான் 1992-இல், குழந்தை மணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவியைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள். 1995-இல் அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டான் என்பதும் தீர்ப்பில் ஒரு காரணம்.

இங்கே நம் பயர் ஆபீசுக்கு வாருங்கள். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. அப்படித்தான் நம் பெண்கள் மருந்துத் தூசிக்குள் உட்காருகிறார்கள். எந்த வேதமும் இதைவிட இறுக்கமாக மூடச் சொல்லவில்லை. ஒரு அக்கா சொன்னார்: "கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுத்தான் போறேன் தாயி. அட்வான்ஸ் வாங்குன வீட்டுப் பொம்பள, எதுத்துப் பேச மாட்டான்னு அவனுக்குத் தெரியும். அவன் சட்டையையா பாக்கான்? கடனைப் பாக்கான்."

இதைத் தாண்டி ஆய்வு எதுக்கு?

இன்னொன்று. நைலான் சேலை உரசினால் பொறி கிளம்பும், வெடிமருந்து அறைக்குப் பருத்திதான் உடுத்த வேண்டும். உயிர் காக்கிற உடைவிதி இது ஒன்றுதான். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 38 பேர் கருகினார்கள். அதற்குப் பிறகாவது ஒரு பிரசங்கி இந்தத் துணியைப் பற்றி வாய் திறந்தாரா?

பர்தாவைக் கழற்று என்று கத்துகிற காவிக் கும்பலுக்கு இதில் இடமில்லை. 2022-இல் கர்நாடகத்தில் ஹிஜாப் போட்ட மாணவிகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் இதே கைதான். போடுவதும் விடுவதும் அவள் பாடு.

பன்வாரி தேவி வழக்கின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1997 விசாகா தீர்ப்பு. அதிலிருந்து வந்தது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகார் விசாரிக்கக் கமிட்டி வேண்டும். முதலாளி மீதே புகார் என்றால் மாவட்டக் கமிட்டிக்குப் போகலாம். கமிட்டி அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். நான் விசாரித்த பெண்களில் ஒருத்தர்கூட அந்தக் காகிதத்தைப் பார்த்ததில்லை. அறைச் சுவரில் எத்தனை ஆள் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்று எழுதியிருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இடமா இல்லை?