எண்களையும் விசாரிக்க வேண்டும்

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ம் தேதி குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய இப்பணி, கொரோனா தொற்றால் தள்ளிப்போனது. இப்போது, 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவு செய்வது என்ற முடிவோடு வருகிறது. இதன் முடிவுகள் வெளியாகும்போது தொகுதி மறுவரையறை, இடஒதுக்கீடு, நிதிப் பகிர்வு என எல்லா விவாதங்களிலும் எண்களே முன்வரிசையில் நிற்கும். அந்த எண்களை எடைபோடும் பயிற்சியை இன்றைய மாணவருக்கு எந்தப் பாடம் அளிக்கிறது?

கணிதப் பாடம் சராசரியையும் விகிதத்தையும் கணக்கிடக் கற்றுத் தருகிறது. ஆனால், ஓர் எண்ணைத் திரட்டியவர் யார், எதற்காகத் திரட்டினார், எந்த வரையறையின் கீழ் திரட்டினார் என்று கேட்க வைப்பது வரலாற்றுப் பாடத்தின் கடமை. கல்வெட்டையும் செப்பேட்டையும் விளக்கும்போது, "பொறித்தவர் யார், பயன் யாருக்கு" என்று கேட்கப் பழக்கும் வகுப்பறை, புள்ளிவிவர அட்டவணை வந்தவுடன் அதை மனப்பாடப் பகுதியாக மாற்றிவிடுகிறது. எண்ணும் ஒரு சாட்சிதான். குறுக்கு விசாரணைக்கு அது மட்டும் விலக்காக முடியாது.

1943-ம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைவிட இதற்குப் பொருத்தமான பாடம் வேறில்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த உட்ஹெட் தலைமையிலான விசாரணை ஆணையம், சுமார் 15 லட்சம் பேர் மாண்டதாக 1945-ல் மதிப்பிட்டது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 1981-ல் வெளியான தமது நூலில் அந்த எண்ணிக்கையைச் சுமார் 30 லட்சம் என்றார். ஒரே பஞ்சம், ஒரே மாகாணம். சாவுக் கணக்கு மட்டும் இருமடங்கானது எப்படி?

விடை, கணக்கு எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. வங்கத்தின் கிராமங்களில் இறப்பைப் பதிவு செய்தவர் சௌகிதார் எனப்பட்ட கிராமக் காவலர். பஞ்சத்தில் அவரும் பசித்தார். சிலர் மாண்டனர், சிலர் ஊரைவிட்டு வெளியேறினர். சாவுகள் பெருகிய இடத்தில் பதிவேடு மௌனமானது. தவிர, பட்டினி தணிந்த பின்னும் மலேரியாவும் பிற நோய்களும் நலிந்த உடல்களை ஆண்டுக்கணக்கில் பலிகொண்டன. எந்த ஆண்டோடு கணக்கை முடிப்பது என்பதைப் பொறுத்தும் தொகை மாறியது.

விளைச்சல் புள்ளிவிவரத்திலும் இதே சிக்கல் உண்டு. 1943-ல் வங்கத்தில் கிடைத்த அரிசி, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு என்றும், பஞ்சம் ஏற்படாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம் என்றும் சென் சுட்டிக்காட்டினார். உணவு இல்லாததால் அல்ல, உணவை வாங்கும் சக்தியை இழந்ததால் ஏழைகள் மாண்டனர் என்பது அவரது முடிவு. இதை மறுப்போர், அந்த விளைச்சல் கணக்கே நம்பத்தக்கதல்ல என்கின்றனர். 1793-ல் நிரந்தர நிலவரித் திட்டம் புகுத்தப்பட்ட வங்கத்தில் வரி நிலையாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டதால், வயல்வாரியாகச் சாகுபடியை எழுதும் கிராமக் கணக்கர் அமைப்பு அரசுக்குத் தேவைப்படவில்லை. ரயத்துவாரி முறை நிலவிய சென்னை மாகாணத்திலோ கர்ணம் ஆண்டுதோறும் அடங்கல் எழுதினார். ஆக, ஒரு மாகாணத்தின் புள்ளிவிவரத் தரத்தை முடிவு செய்தது அதன் வரிவசூல் முறை. இதைப் புரிந்துகொண்ட மாணவர், எந்த அட்டவணையையும் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. ஆங்கிலத்தில் "எஸ்டிமேட்" எனப்படுவதற்கு இந்தியில் "அனுமான்" என்ற சொல் வழங்குகிறது. அதற்கு ஊகம் என்ற பொருளும் உண்டு. தமிழில் அதுவே "மதிப்பீடு" ஆகிறது. சொத்துக்கு வரி விதிப்பதும் மதிப்பீடு, தேர்வுத்தாள் திருத்துவதும் மதிப்பீடு. ஒரு மொழியில் படிப்பவருக்கு 30 லட்சம் என்பது வெறும் ஊகமாகவும், இன்னொரு மொழியில் படிப்பவருக்கு அதிகாரிகள் முத்திரையிட்ட முடிவாகவும் தோன்றக்கூடும். இரண்டும் தவறு. சான்றுகளைக் கொண்டு, பிழைக்கு இடம் வைத்துக் கணித்த தொகை அது.

"பஞ்சம்" என்ற சொல்லும் அப்படியே. காலனி அரசின் நிர்வாகத்தில் தட்டுப்பாடு வேறு, பஞ்சம் வேறு. பஞ்சம் என்று முறைப்படி அறிவித்துவிட்டால் பஞ்ச விதித் தொகுப்பின்படி நிவாரணம் அளித்தாக வேண்டும். 1943-ல் வங்கத்தில் அந்த அறிவிப்பு வெளியாகவே இல்லை. ஆவணத்தில் ஒரு சொல் இல்லாததால் நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடுமா? இரு மொழிகளிலும் ஆவணத்தை அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் இந்தக் கேள்வி மாணவரின் மனதில் எழும்.

இது கடந்த காலத்தோடு முடிந்த பிரச்சினை அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இந்தி பேசுவோர் 52.83 கோடி, அதாவது மக்கள்தொகையில் 43.63 சதவீதம். ஆட்சிமொழி விவாதங்களில் இந்த எண் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. ஆனால், போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்ட தாய்மொழிகளைச் சேர்த்தே இத்தொகை பெறப்பட்டது என்பது அதே அறிக்கையில் உள்ளது. இந்தியையே தாய்மொழியாகக் குறிப்பிட்டோர் சுமார் 32.2 கோடி. 1991 வரை இந்தியின் கீழ் எண்ணப்பட்ட மைதிலி, 2003-ல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றதும், 2001 கணக்கெடுப்பின் முடிவுகளில் தனிமொழியாக வெளிவந்தது. மக்கள் அதே மக்கள், பேச்சும் அதே பேச்சு. மாறியது தலைப்பு மட்டுமே. இரண்டு தொகைகளும் பொய்யல்ல. எதை எண்ணினார்கள் என்பதைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் முன்வைப்பதுதான் பொய்யாகிறது.

என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலில் காலனியக் கால நகரங்கள் குறித்த பாடம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எச்சரிக்கையுடன் கையாள வேண்டியதன் காரணங்களை விளக்கியிருந்தது. பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி 2022-ல் நீக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020, தாய்மொழியிலும் ஆங்கிலத்திலுமாக இருமொழிப் பாடநூல்கள் தயாரிப்பது பற்றிப் பேசுகிறது. ஆனால், அறிவியலுக்கும் கணிதத்துக்கும் மட்டுமே. சொல்லின் பொருளே சான்றின் பொருளைத் தீர்மானிக்கும் வரலாற்றுக்கு அந்த வாய்ப்பு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

எல்லா எண்களையும் சந்தேகிக்கச் சொன்னால் மாணவர் எதையுமே நம்பாதவராகிவிடுவார் என்று சிலர் அஞ்சலாம். அந்த அச்சத்துக்குத் தாதாபாய் நௌரோஜியே விடை. 1870-களில் அவர் அரசின் புள்ளிவிவரங்களைத் தூக்கி எறியவில்லை. அவற்றையே கையிலெடுத்து, ஓர் இந்தியரின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கணக்கிட்டார். சிறைக் கைதியின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவைவிட அது குறைவு என்பதையும் காட்டினார். அதற்குப் பதில் சொல்லும் கட்டாயத்தில் அதிகாரிகளும் கணக்குப் போட நேர்ந்தது. 1882-ல் அவர்கள் சொன்ன தொகை 27 ரூபாய். ஏழு ரூபாய் கூடியதால் வறுமை மறையவில்லை. வறுமை வாதத்துக்கு உரியதல்ல என்ற நிலைதான் மறைந்தது. கேள்வி கேட்டவரே அந்த எண்ணுக்கு உயிர் கொடுத்தார்.

பெரும் செலவு தேவைப்படும் சீர்திருத்தமல்ல இது. பாடநூலில் வரும் ஒவ்வொரு அட்டவணையின் கீழும் திரட்டியவர், ஆண்டு, வரையறை ஆகிய மூன்றையும் இரு மொழிகளிலும் அச்சிடலாம். மில்லியனுக்கு அருகில் லட்சத்தைக் குறிக்கலாம். தேர்வில், "எத்தனை பேர் மாண்டனர்" என்பதற்குப் பதிலாக, "இரு தொகைகள் வேறுபடுவது ஏன்" என்று கேட்கலாம். 2027-ன் கணக்கெடுப்பில் வீட்டு வாசலில் நின்று விவரம் சொல்லப்போகும் குடும்பங்களின் பிள்ளைகள், அந்த எண்களால் ஆளப்படப் போகிறவர்கள். அவற்றைக் கேள்வி கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.