க்யூவில் நிற்காத க்யூ



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துபாயின் அல் கூஸ் பகுதிக்குப் போயிருந்தேன். கிடங்குகளையெல்லாம் கலைக்கூடங்களாக மாற்றி வைத்திருக்கிறார்களே, அந்த ஆல்சர்க்கால் அவென்யூவில் ஓர் ஓவியக் கண்காட்சி. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. நம் வாசகர் ஒருவர் தங்கியிருக்கும் கேம்ப் அங்கிருந்து பக்கம்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு சுலைமானி டீ குடிக்காமப் போறதாவது!" என்று போனிலேயே கோபித்துக்கொண்டார். போகாமல் இருக்க முடியுமா?

சீட்டோ கேரமோ ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் அறைக்குள் நுழைந்தேன். இரண்டடுக்குக் கட்டில்களுக்கு நடுவே ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல், எழுத்துக் கட்டைகளைச் சேர்த்துச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் பலகையை வைத்திருந்தார்கள். யாரோ வில்லாவைக் காலி செய்தபோது குப்பைக்குப் போகவிருந்ததை, பிக்கப் ஓட்டும் நம் வாசகர் கேட்டு வாங்கி வந்தாராம். ஏழெட்டுக் கட்டைகள் தொலைந்துவிட்டன. பதிலுக்கு பிஸ்கட் அட்டையை வெட்டிப் பேனாவால் எழுத்துப் போட்டிருந்தார்கள். அப்படி அட்டையில் பிறந்ததுதான் அந்த அறையின் க்யூ. பைக்குள் கைவிட்டால் தடவியே கண்டுபிடித்துவிடலாம் என்பதால் எல்லாரும் அதைத் தவிர்த்தே எடுப்பார்களாம். கடைசியில் பையில் அது மட்டும் மிஞ்சி, யாராவது ஒருவர் தலையில் வந்து விழும்.

அன்று அது விழுந்தது நம் வாசகர் தலையில்.

"தம்பி, யூ நாலும் பலகைக்குப் போயிருச்சேடா. யூ இல்லாம இத வச்சு நான் என்ன செய்ய?"

"வச்சுக்கங்கண்ணே. கடைசில பத்துக் கழியும்" என்றார் எதிரே இருந்த ஸ்டோர்கீப்பர் தம்பி, கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

கழியத்தான் செய்யும். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலையிழந்து உட்கார்ந்திருந்தவர், செய்தித்தாளின் முதல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கின்படிதான் இ-க்குப் பன்னிரண்டு கட்டை, மதிப்பெண் ஒன்று. க்யூவுக்கு ஒரே கட்டை, மதிப்பெண் பத்து. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் 'ஸ்க்ராபிள்' என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பட்ஸ் எண்ணியது அமெரிக்கச் செய்தித்தாளை. அன்று அவர் வளைகுடாவில் உட்கார்ந்து எண்ணியிருந்தால், க்யூவுக்கு இன்னும் ஒன்றிரண்டு கட்டைகளாவது கூடக் கொடுத்திருப்பார் என்பது என் கட்சி.

பாருங்களேன், இந்த ஊர்ப் பெயரே க்யூவில்தான் தொடங்குகிறது. கூஸ் என்றால் மணல்மேடு. அரபியில் அடித்தொண்டையிலிருந்து வரும் 'காஃப்' எழுத்து. அதை ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களோ 'தங்கம்' என்னும்போது வருகிற 'க' போலச் சொல்கிறார்கள். நாம் 'அல் கூஸ்' என்று எழுதுவதும் சொல்வதும், தெருப்பலகையின் ஆங்கிலத்தைவிட அவர்கள் வாய்க்குக் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கிறது. 'கூஸ்' என்பதன் ஆங்கில எழுத்து நான்கையும் கட்டையாக வைத்தால் 22 மதிப்பெண். ஆனால் வைக்க முடியாது, ஊர்ப் பெயர் செல்லாது. ஓ-வை எடுத்துவிட்டு ஐ-யை வைத்தால் 'க்விஸ்' ஆகிவிடும். அதே 22, அதுவும் சட்டப்படி!

இனி கதைக்கு வருகிறேன். மேல் கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கீழக்கரைக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "அண்ணே, வக்ஃபு வாரியம்னு இங்கிலீஷ்ல எப்படி எழுதுவான்?" என்றார். அவ்வளவுதான். டபிள்யூ, ஏ, அட்டைக் க்யூ, எஃப். நான்கு எழுத்தில் 19. தம்பி நம்பவில்லை. போனில் அகராதியைத் தேடிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார்.

பின்னால் யூ இல்லாமல் க்யூ வரும் ஆங்கிலச் சொற்களைத் தேடுகிறவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். அதில் முதலில் நிற்பது 'சி' என்னும் சீனச் சொல். உயிர்மூச்சு என்று பொருள், க்யூவும் ஐயும் மட்டும், 11 மதிப்பெண். மற்றவற்றில் பெரும்பாலானவை நமக்கு மனப்பாடமே தேவையில்லாதவை. துபாயில் க்ரீக் ஓரம் நாம் சாமான் வாங்கும் 'சூக்' அகராதியில் இருக்கிறது, எஸ்-யூ-க்யூ. நம் ஊரில் நிக்காஹ் பதிவு செய்யும் காஜி இருக்கிறார். தொழுகைத் திசையைக் காட்டும் கிப்லா, ஹோட்டல் அறைக் கூரையில் அம்புக்குறியாக ஒட்டியிருப்பது, அதுவும் உண்டு. நிகாப் உண்டு, தலாக்கும் உண்டு. நாகூர்ப் பக்கம் எத்தனையோ பேருக்குப் பெயராக அமைந்த பக்கீர் ஆங்கிலத்தில் பொதுப்பெயராகிச் செல்லுபடியாகிறது. அல் அய்ன் பேரீச்சந்தோப்புகளில் ஓடும் ஃபலஜ் வாய்க்கால்களைப் பார்த்திருப்பீர்கள், 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை. அதே மாதிரி நிலத்தடிக் கால்வாயைப் பாரசீகப் பக்கம் 'கனாத்' என்பார்கள். அதற்கும் க்யூதான், 14 மதிப்பெண்.

ஆக, எழுத்தை வைத்துச் சொல் தேடும்போது அகராதியைப் புரட்டுவதற்கு முன் வாயைப் புரட்டுங்கள் என்பேன். வளைகுடாவில் பத்து வருடம் இருந்தவர் நாக்கில் தமிழும் அரபியும் உருதும் மலையாளமும் கலந்தே கிடக்கின்றன. ஆங்கிலமும் அப்படிக் கடன்வாங்கிச் சேர்த்த மொழிதானே. நம் கட்டுமரம், சுருட்டு, அணைக்கட்டு, வெட்டிவேர், கஞ்சி எல்லாம் அங்கே போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. இட்லியும் தோசையும் சட்டை மாற்றாமலே போய்விட்டன. மிளகுத்தண்ணீர் மட்டும் பன்னிரண்டு எழுத்துக்கு நீண்டுவிட்டது. அதைப் பலகையில் வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"இங்கிலீஷ் சரியா வராது சார், அதான் கூச்சம்" என்றார் அந்த அறையிலேயே இன்னொருவர், விளையாடாமல் வேடிக்கை மட்டும் பார்த்தவர். அவரிடம் நைஜல் ரிச்சர்ட்ஸ் கதையைச் சொன்னேன். நியூசிலாந்துக்காரர். 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார், பிரெஞ்சு பேசத் தெரியாமலே. சொற்களை எழுத்து வரிசையாக மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டார். 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றிலும் வென்றவர் அவர்தான். எதிரே உட்கார்ந்து தோற்றவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பெயரைக் கேட்டதும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "நம்மாளா சார்!"

எழுத்தைக் கட்டிப்போட்டுக்கொண்டு விளையாடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். ஓட்டம் என்றால் உதடு. உதடு ஒட்டாமல், குவியாமல் பாடுவது நிரோட்டகம். ப, ம, வ வரக் கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ எந்த உருவிலும் தலைகாட்டக் கூடாது. இது போதாதென்று, ஒரே எழுத்துத்தொடர் வேறு வேறு பொருளில் திரும்பி வரும் யமகமும், ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியும் வேறு. ஒரு போட்டியில்தான் இதைப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. க்யூ ஒன்று கையில் மாட்டியதற்கே நாம் தலையில் கைவைத்துக்கொள்கிறோம்!

அடுத்த இதழுக்கு உங்களுக்கு இரண்டு வேலை வைக்கிறேன். வீட்டில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் யூ நிற்காத க்யூ உள்ள ஆங்கிலச் சொல் ஒன்றையும், அதை நீங்கள் எங்கே யார் வாயில் கேட்டீர்கள் என்பதையும் நான்கு வரியில் எழுதுங்கள். இரண்டாவது, உதடு ஒட்டாத, குவியாத ஒரு தமிழ் வாக்கியம்.

என் பங்குக்கு அன்று காரில் திரும்பும்போதே ஒன்று செய்து பார்த்தேன். சுலைமானியை வைத்துத் தொடங்க ஆசை. 'சு' உதட்டைக் குவிக்கிறது, 'மா' ஒட்ட வைக்கிறது, சரிப்படவில்லை. கடைசியில் தேறியது இதுதான்: அண்ணன் தந்த தேநீரில் சர்க்கரையே இல்லை.

நம் வாசகர் இதைப் படித்தால் மறுபடியும் கோபித்துக்கொள்வார். உண்மையில் மூன்று கரண்டி போட்டிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்