எல்லாமே அர்ஜென்ட்னா, எதைத்தான் முடிக்கிறது?

எங்க டீம்ல டெஸ்டிங் பாக்கிற பொண்ணு ஒருத்தி. மூணு ப்ராஜெக்ட் ஷீட்லயும் அவ பேர் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் 40 சதவீதம். கூட்டினா 120! ஷீட் மூணு மேனேஜர் கையில தனித்தனியா இருக்கு, அதனால கூட்டிப் பாக்க ஆள் இல்ல.

காலையில பில்லிங் மாட்யூல்ல உட்காருவா. நடுவுல சேல்ஸ்ல இருந்து போன்: "கிளையன்ட் டெமோ இருக்கு, கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்." மத்தியானம் மொபைல் ஆப்ல எஸ்கலேஷன். சாயங்காலம் பாத்தா மூணுமே அரைகுறை. ரிவ்யூ மீட்டிங்ல ஏன் லேட்டுன்னு கேள்வி கேக்கிறது யாரை? அவளைத்தான். வயிறு எரியுதுங்க.

பேக்லாக்கைத் திறந்தா பாதிக்கு மேல பி-ஒன், அதாவது முதல் முன்னுரிமை. அப்போ எதை முதல்ல எடுக்கிறது? யார் குரல் உசத்துறாங்களோ அவங்க வேலை முன்னாடி ஓடுது. கஸ்டமர் மாசக்கணக்கா புலம்புற பக் அப்படியே கிடக்கு. அவருக்காக மீட்டிங்ல பேச யார் இருக்கா?

சரி, ரிலீஸ் தள்ளிப்போச்சு. உடனே என்ன பண்றாங்க? பக்கத்து டீம்ல இருந்து ரெண்டு பேரைத் தூக்கிப் போடுறாங்க. ஐபிஎம்ல ஓஎஸ்/360 ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கினதை நடத்தின ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல ஆளைச் சேர்த்தா இன்னும் தாமதமாகும்னு 1975லயே புத்தகத்துல எழுதிட்டார். புதுசா வந்தவங்களுக்குக் கோடைச் சொல்லிக் கொடுக்கிறது யாரு? வேலை தெரிஞ்ச ஆள்தான். அவர் வேலையும் நின்னுபோகும். ஆளை இழந்த டீமும் நொண்டும். இத்தனை வருஷமாச்சு, இன்னும் அதையேதான் செய்றோம்.

ஆளோட நேரத்தை நூறு சதவீதம் நிரப்பாதீங்க, கொஞ்சம் இடம் விடுங்கன்னு சொன்னா, "சும்மா உட்காரவா சம்பளம்?"ங்கிறாங்க. ஒருத்தர் காய்ச்சல்ல படுத்தா மொத்தத் திட்டமும் சரியுதே, அந்த நஷ்டம் யார் கணக்குல?

வேலையைக் குறைச்சா என்ன ஆகும்னு ஆப்பிளைப் பாருங்க. 1997ல ஸ்டீவ் ஜாப்ஸ் அங்க திரும்பி வந்தப்போ கம்பெனிக்கு அந்த வருஷ நஷ்டம் நூறு கோடி டாலருக்கு மேல. பெரும்பாலான ப்ராடக்டை அவர் நிறுத்தினார். மிச்சம் வச்ச கம்ப்யூட்டர் ரெண்டு வகை ஆளுக்கு: சாதாரண ஆளுக்கு, தொழில்முறை ஆளுக்கு. ரெண்டுலயும் மேசையில வைக்க ஒண்ணு, கையில தூக்கிட்டுப் போக ஒண்ணு. நாலே கட்டம்தான். 1998ல லாபம் வந்துடுச்சு. (நிறைய பேருக்கு வேலையும் போச்சு, அந்த வேதனையை மறைக்கக் கூடாது.) எங்க கம்பெனி டவுன் ஹால் மீட்டிங்ல இந்தக் கதைக்குக் கைதட்டுறாங்க. நம்ம ப்ராஜெக்ட்ல ஒண்ணை நிறுத்தலாமான்னு கேட்டா, ரூமே அமைதியாயிடுது. வேண்டாம்னு ஒருத்தர் சொல்லாததுக்கு, இன்னொருத்தர் ஞாயித்துக்கிழமையும் லேப்டாப் முன்னாடி உட்காரணும். இது அநியாயம் இல்லாம வேறென்ன?

ரோட்மேப் போடுறவங்களே, புது வேலை ஒண்ணை உள்ள எடுக்கும்போது எதை வெளியே எடுக்கிறோம்னு அதே மீட்டிங்ல முடிவு பண்ணுங்க. அதை எழுதி டீமுக்கும் சேல்ஸுக்கும் ஒரே மெயில்ல அனுப்புங்க.