முதலில் இறக்கம்... கடைசியில்தான் ஏற்றம்!

ஏப்ரல், மே மாதம் வந்தால் என் வைத்தியசாலையில் ஒரு தனிக் கூட்டம் சேரும். "டாக்டர், பையன் டிக்கெட் போட்டுட்டான். மூணு மாசம் அமெரிக்கா. நிறைய இடம் சுத்திக் காட்டப் போறானாம். முட்டிக்கு நல்லதா ஒரு தைலம் குடுங்க!"

தைலம் கொடுக்கிறேன். ஆனால், அதற்கு முன் ஒரு கேள்வி: "எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகிறானாம்?" நயாகரா, வாஷிங்டன், டிஸ்னி என்று லிஸ்ட் நீண்டால் எனக்குக் கவலை இல்லை. 'மேசா வெர்டே' என்று ஒரு பெயர் வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற தேசியப் பூங்கா அது. 1906-ல் உருவானது. 1978-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. செங்குத்தான பாறைச் சுவரில் இயற்கையே குடைந்து வைத்த பெரிய பெரிய பொந்துகள். அவற்றுக்குள் கல்லை அடுக்கி, மண் பூசி, அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகள். இப்படி சுமார் 600 குடியிருப்புகள்! எல்லாவற்றிலும் பெரியதான 'க்ளிஃப் பேலஸ்'ஸில் மட்டும் ஏறக்குறைய 150 அறைகள். கட்டியவர்கள், இன்றும் நியூ மெக்ஸிகோ, அரிசோனா பகுதிகளில் வாழ்கிற பியூப்லோ மக்களின் முன்னோர்கள். காலம் 12-ம் நூற்றாண்டின் கடைசியும் 13-ம் நூற்றாண்டும். ராஜராஜ சோழன் பெரிய கோயில் கட்டி இருநூறு வருஷம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பார்க்கவேண்டிய இடம்தான். சந்தேகமே இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

"போன தைப்பூசத்துக்கு பழனி படியேறினேன் டாக்டர், இது என்ன பிரமாதம்?" என்பார்கள். கணக்கு அங்கேதான் தப்புகிறது. நம் ஊர் மலைக்கோயில்களில் முதலில் ஏற்றம், பிறகுதான் இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கினால் மண்டபத்தில் உட்காரலாம். ரொம்ப முடியவில்லையா, பாதியிலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். உடம்பு தன் அளவை முதலிலேயே சொல்லிவிடும். மேசா வெர்டேயில் இது அப்படியே தலைகீழ்! 'மேசா' என்றால் மேஜை. காரில் மேஜை மாதிரியான மலையின் தலைக்கே போய் இறங்குகிறீர்கள். வீடுகளோ விளிம்புக்குக் கீழே இருக்கின்றன. தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுவீர்கள், மூச்சே வாங்காது. 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றும். சுற்றிப் பார்த்து, வெயிலில் நின்று, கால் ஓய்ந்த பிறகுதான் ஏற்றம் காத்திருக்கும். அதுவும் ஏணியில்.

க்ளிஃப் பேலஸ் சுற்றில் மேடும் பள்ளமுமான கற்படிகளில் இறங்கி, இன்னொரு பக்கமாக ஏணிகளில் ஏறி வெளியே வரவேண்டும். ஏற்ற இறக்கம் சுமார் 100 அடி. பத்து மாடி உயரம்! 'பால்கனி ஹவுஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குள் போக 32 அடி ஏணி ஏறவேண்டும். வெளியே வரும் வழியில் 18 அங்குல அகலம், 12 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கம். அதில் முழங்காலும் கையும் ஊன்றித் தவழ்ந்துதான் போகமுடியும். பிறகு 60 அடி பாறைமுகத்தில் ஏணியும் படியுமாக ஏற்றம். மூட்டுத் தேய்மானம் இருக்கிற ஒருவர் மணற்கல் தரையில் தவழ்வதை நினைத்துப் பாருங்கள். சித்த மருத்துவத்தில் 'அழல் கீல்வாயு' என்கிற அந்த நோய்க்கு இதைவிடக் கொடுமை வேறு வேண்டாம். அறுபதைக் கடந்தவர்கள் பால்கனி ஹவுஸை மறந்துவிடுவதே மேல் என்பது என் கட்சி. விதிவிலக்காகச் சிலர் இருப்பார்கள். அவர்கள் என்னிடம் தைலம் கேட்டு வருவதில்லை!

இறக்கம் சுலபம் என்பதும் பாதி உண்மைதான். ஏறும்போது வேலை இதயத்துக்கும் நுரையீரலுக்கும். இறங்கும்போது அடி முழுக்க முழங்காலுக்கு. படி இறங்குகையில் உங்கள் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான பாரம் மூட்டில் இறங்குகிறது. தேய்ந்த மூட்டு அந்த நேரம் சும்மா இருந்துவிட்டு, ஏணிக்கு முன்னால் நிற்கும்போது மக்கர் செய்யும்.

இன்னொரு விஷயம், உயரம். அந்தப் பூங்கா சுமார் 7,000 அடியிலிருந்து 8,500 அடி வரை இருக்கிறது. கொடைக்கானல், ஊட்டி உயரம். கிடைக்கிற பிராணவாயு நம் சென்னையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. காற்றும் வறண்ட காற்று. வியர்ப்பதே தெரியாமல் உடம்பு நீர் வற்றும். அடிவார ஊர்களான கோர்டெஸ், டுராங்கோவே 6,000 அடிக்கு மேலே இருப்பதால், அங்கே ஓர் இரவாவது தங்கிவிட்டுப் போவது நல்லது. பாத்ரூமுக்கு பயந்துகொண்டு நம் பெண்கள் பயணத்தில் தண்ணீரைக் குறைப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருக்கும் இதய நோயாளிகள் மட்டும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

ஆஸ்துமா, இதய நோய், ஸ்டென்ட் வைத்தவர்கள் கீழே இறங்கும் யோசனையை உங்கள் டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மாரடைப்பு வரும்போது அவர்களில் சிலருக்கு நெஞ்சுவலியே தெரியாது. வெறும் மூச்சிரைப்பும் குளிர்ந்த வியர்வையும்தான் இருக்கும். 'உயரம் ஒத்துக்கலை' என்று சமாளிக்காமல், உடனே உட்கார்ந்து, கூடவே வரும் ரேஞ்சரிடம் சொல்லவேண்டும்.

சித்த வைத்தியனே இதைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள்: பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு 'நம்ம லேகியம் இருக்கே' என்று கிளம்பாதீர்கள். பயணத்தில் புதிதாக எந்த மருந்தையும் ஆரம்பிக்கவேண்டாம், என்னுடையது உட்பட. தைலத்தை இரவில் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். காலையில் தேய்த்துக்கொண்டு ஏணியைப் பிடித்தால் கை வழுக்கும்!

ஆனால், இத்தனை வியாதிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வெட்கம்! பிள்ளை ஆசையாக முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருப்பான். விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது அம்மாவுக்கு அடிவயிற்றைக் கலக்கும். 'காசு வீணாப்போகுமே, மருமக என்ன நினைப்பா' என்று வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுவாள். அப்பா அதற்கும் மேலே... பேரன் முன்னால் கிழவன் ஆக அவருக்கு மனசு வராது. பின்னால் இருபது, முப்பது பேர் காத்திருக்க, ஏணி நடுவில் கால் நடுங்கி நிற்பது யாருக்கும் வரவேண்டாத நிலைமை.

பிள்ளைகளே, டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள். "வர்றீங்களாம்மா?" என்றால், "வர்றேன்" என்றுதான் சொல்வாள். "மூணு மாடி நிற்காம ஏறி, ஏறின உடனே என்கிட்ட பேச முடியுதா, பாரும்மா" என்று கேளுங்கள். ஒரு மாதம் முன்பே வீட்டில் செய்து பார்க்கட்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால், அல்லது தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க சுவரைத் தேடினால், கீழே போகவேண்டாம். பெரியவர்களே, சுற்று கிளம்பும் முன் ரேஞ்சர் வழியை விவரிப்பார். விலகிக்கொள்ள அதுதான் கடைசி நேரம். "நான் மேலேயே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போதும்.

மேலே இருப்பவர்களுக்கு என்ன நஷ்டம்? என்னைக் கேட்டால் ஒன்றும் இல்லை. அந்த மக்கள் சுமார் 600 வருஷம் மேல்தரையில்தான் வாழ்ந்தார்கள். பாறைப் பொந்துக்குள் குடியிருந்தது நூறு வருஷத்துக்குள்தான். 13-ம் நூற்றாண்டு முடிவதற்குள், நீண்ட வறட்சியும் சேர்ந்து நெருக்க, தெற்கே போய்விட்டார்கள். பொந்தில் குடியேறிய பிறகும் அவர்களுடைய சோளம், பீன்ஸ், பூசணியெல்லாம் விளைந்தது மேலேதான். பாறையில் கைக்கும் கால்விரலுக்கும் குழி வெட்டி அதில் ஏறி வயலுக்குப் போனார்கள். அவர்களுக்கும் மூட்டுவலி இருந்தது என்று எலும்புகள் சொல்கின்றன. மணற்கல்லில் சோளம் அரைத்ததால் மாவில் மணல் கலந்து பல்லும் தேய்ந்துபோனது. ஆக, 'அந்தக் காலத்து ஆளுங்க கல்லு மாதிரி இருந்தாங்க' என்று யாராவது உசுப்பேற்றினால் நம்பாதீர்கள்.

'மேசா டாப் லூப்' என்று சுமார் 10 கிலோமீட்டர் கார் சாலை ஒன்று இருக்கிறது. ஆங்காங்கே நிறுத்தி, சிறிது தூரம் தார் போட்ட பாதையில் நடந்தால் போதும். தரையைக் குழித்துக் கட்டிய ஆரம்பகால வீடுகளையும், விளிம்பிலிருந்து பாறை வீடுகளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். 'சன் டெம்பிள்' பக்கம் நின்றால் பள்ளத்தாக்குக்கு எதிரே க்ளிஃப் பேலஸ் முழுசாகத் தெரியும். உள்ளே போனவர்களுக்கு அந்தக் காட்சி கிடையாது. அவர்களுக்குப் பக்கத்துச் சுவர்தான் தெரியும்! 'ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ்' வீடுகளை, பாறை சரியும் அபாயத்தால் 2015-ல் மூடிவிட்டதால், இளைஞர்களும் அருங்காட்சியகம் அருகே நின்று தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போதும். கீழே இறங்குவதாக இருந்தால் புடவைக்குப் பதில் சுடிதார்.

ஏணியே வேண்டாம், ஆனால் பாறை வீடு பார்த்தாகவேண்டும் என்றால், அரிசோனாவில் 'மாண்டஸூமா காஸில்' இருக்கிறது. செங்குத்துப் பாறையின் நடுவில் ஐந்து அடுக்கு, இருபது அறை வீடு. மாண்டஸூமா என்கிற அஸ்டெக் மன்னனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டிடம் பாழாகிறது என்று 1951-லேயே மேலே ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். மரநிழலில், சமதரையான பாதையில், அரை கிலோமீட்டர் நடந்தால் முடிந்தது. வீல்சேரில் வந்தவரும், மாரத்தான் ஓடுகிறவரும் அங்கே ஒரே இடத்தில் நின்றுதான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.