கும்பிடாதவன் சொல்வது

பொங்கல் விழா மேடையில் குத்துவிளக்கேற்றிப் பிள்ளையார் வணக்கம் பாடவேண்டும் என்று ஒரு சாரார். எந்தச் சாமியின் பெயரும் மேடையில் வரக்கூடாது, வந்தால் வெளியேறுவோம் என்று இன்னொரு சாரார். இரு தரப்புக் கடிதங்களும் மேசையில் குவிந்து கிடக்கின்றன. செயற்குழு கூடி முடிவெடுக்கும். அதற்கு முன், கடவுளை நம்பாதவன் என்ற முறையில் என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுவது நேர்மை. இது சங்கத்தின் தீர்மானமன்று.

எனக்குக் கடவுள் இல்லை. பிறப்பால் ஒருவனைத் தாழ்த்துகிற எதையும் தெய்வ கட்டளை என்று ஏற்க என் அறிவு இடம் தரவில்லை. இதை நான் ஒளித்ததில்லை, ஒளிக்கப் போவதுமில்லை. மதிப்பது என்றால் மற்றவரின் நம்பிக்கைக்குத் தலையாட்டுவதா? அல்ல. மதிப்பு மனிதருக்கு உரியது. கருத்தை மறுக்கலாம், ஆளை இழிவு செய்யலாகாது.

நம் இளைஞர்களுக்கு ஒன்று நினைவிருக்கட்டும். பெரியாருக்குக் கோயிலில் என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆனால் தம் கடைசி ஆண்டுகளில் அவர் கையிலெடுத்த போர் கருவறை நுழைவுப் போர். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970-இல் தமிழ்நாட்டில் சட்டம் நிறைவேறிற்று. 1972-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆகமத்தைக் காட்டிக் கதவு மீண்டும் அடைபட்டது. 1973-இல் பெரியார் மறைந்தார். அனைத்துச் சாதியினரிலிருந்தும் பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகர் பணி ஆணை பெற 2021 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கும்பிடாத கிழவர், கும்பிடுகிறவனின் மானத்துக்காக நின்றார். மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகும் தோழரைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பகுத்தறிவு தேவையில்லை. வாய் இருந்தால் போதும்.

நம்பிக்கையாளரிடமும் எனக்கு வழக்குண்டு. பரஸ்பர மரியாதை என்று பேசுகிறோம். அது பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. சாமியார்களின் மோசடியை எதிர்த்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில் காலை நடைக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2024-இல்தான் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2017 மார்ச்சில் கோவையில், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து கடவுள் மறுப்புப் பேசிய பாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகளைக் கண்டித்து முதல் குரல் கோயிலிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் அல்லவா எழுந்திருக்க வேண்டும்?

இவ்வளவு தூரம் போக வேண்டாம். புரோகிதர் இல்லாத திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணா கொண்டுவந்த 1967-ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம். மும்பையில் அது செல்லாது. இங்கே நம் பிள்ளைகள் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளும், "ஒரு ஐயரைக் கூப்பிட்டால் இன்றே முடிந்துவிடுமே" என்று உபதேசம் செய்யாத உறவினர் உண்டா? அவர்களும் மதிப்பைப் பற்றி மேடையில் அழகாகப் பேசுகிறவர்கள்தாம்.

மதிப்பு என்பது சில்லறைக் காரியங்களில்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் ரயில்வே அலுவலகத்தில் தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் ஆள் தட்டுப்பாடு. பண்டிகை இல்லாதவன் நான், டியூட்டியை மாற்றிக்கொள்கிறேன். செப்டம்பர் 17 அன்று எனக்காக டியூட்டி பார்ப்பவர் நெற்றி நிறையப் பட்டை போட்ட நண்பர். ஒருவரையொருவர் மாற்றிவிட இருவருமே முயன்றதுண்டு. பலிக்கவில்லை.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்நகரில் 900 பேர் மாண்டனர் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்குச் சொல்லிற்று. நம்மவர் நிறைந்த தாராவியும் தப்பவில்லை. செத்தவர்கள் கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடிச் சாகவில்லை. பக்கத்துக் குடிசைக்காரன் வேறு சாமி கும்பிடுகிறான் என்பதே குற்றமாயிற்று. அதைக் கண்ட ஊரில், ஒரு குத்துவிளக்குக்காகச் சங்கத்தை இரண்டாக்க வேண்டுமா?

என் யோசனை இதுதான். மேடை எல்லோருக்கும் பொது. அங்கே தமிழ்த்தாய் வாழ்த்து ஒன்றே போதும். அந்தோணியாரை வணங்குபவரும் தொழுகைக்குப் போகிறவரும் நம் சந்தாதாரர்கள் அல்லவா? மைதானத்தில் பானை வைக்கும் தாய்மார்கள் கோலமிட்டுச் சூடம் காட்டினால் எவரும் குறுக்கே நிற்கக் கூடாது. திருநீற்றுத் தட்டை எவர் முன்னும் நீட்டி வற்புறுத்தவும் கூடாது. கலைநிகழ்ச்சியில் சாமியைக் கேலி செய்யும் நாடகம் வேண்டாம். மூடநம்பிக்கையை எதிர்த்துப் பட்டிமன்றம் தாராளமாக நடக்கட்டும். பிள்ளையார் சதுர்த்தி வசூலுக்குத் தனி ரசீதுப் புத்தகம் போடுங்கள். சங்கச் சந்தாவோடு அதைச் சேர்க்காதீர்கள்.

மாறுபட்ட கருத்துடையோர் செயற்குழு கூடுமுன் எழுதுங்கள். பெயரிட்டு எழுதுவோர் கடிதங்கள் அனைத்தும் குழுவின்முன் வைக்கப்படும்.